திருகோணமலையிலிருந்து மிகிந்தலைக்கு ஒரு நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிக்கூட விடுமுறை நெருங்கினால் தெரிந்தவர்கள், சொந்தக்காரர்கள், வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் பிள்ளைகள் என்று யாராவது ஒருவர் மிகிந்தலைக்குப் போவது பற்றிக் கேட்டுவிடுவார்கள். குடும்பத்தோடும் தனியாகவும் பல தடவை ஏறி இறங்கிய மலை அது. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கிறேன்.

மிகிந்தலையில் அப்படி என்ன இருக்கிறது?

இலங்கையில் பௌத்தம் தொடங்கிய இடம் அது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகச் சக்கரவர்த்தியின் மகன் மகிந்த தேரர் இந்த மலையில் வைத்துத்தான் அனுராதபுரத்து மன்னன் தேவநம்பியதீசனைச் சந்தித்தார் என்று மகாவம்சம் சொல்கிறது. அதற்குப் பிறகு ஆயிரம் வருடங்களுக்கு மேல் இந்த மலை முழுவதும் ஒரு பெரிய துறவி மடமாக இருந்தது. குகைகள், தாதுகோபுரங்கள் (ஸ்தூபிகள்), குளங்கள், சாப்பாட்டு மண்டபம், மருத்துவமனை எல்லாம் அடிவாரத்திலிருந்து உச்சி வரை பரந்து கிடக்கின்றன. இன்றும் பிக்குகள் வாழும் விகாரை இது. ஆகவே தொல்பொருள் இடம் என்று மட்டும் நினைத்துக்கொண்டு போகாதீர்கள்.

திருகோணமலையிலிருந்து எவ்வளவு தூரம்? எப்படிப் போவது?

ஏறத்தாழ 95 கிலோமீட்டர். வழி குழப்பமே இல்லாதது. அனுராதபுரம் வீதியைப் பிடித்தால் கன்னியா, பன்குளம், முதலிக்குளம், ஹொரவப்பொத்தான, கஹட்டகஸ்திகிலிய தாண்டி நேரே மிகிந்தலைச் சந்தியில் கொண்டுபோய் விடும். வான் வண்டியில் போனால் இரண்டு மணி நேரம் போதும், இடையில் தேத்தண்ணிக்கு நிறுத்தினால் இன்னும் கொஞ்சம்.

பஸ்ஸிலும் போகலாம். இந்த வீதியால் அனுராதபுரம் போகும் பஸ்ஸில் ஏறி மிகிந்தலையில் இறங்க வேண்டும். முதல் பஸ் எத்தனை மணிக்கு என்பதை முந்தின நாளே பஸ் நிலையத்தில் கேட்டு வையுங்கள். திரும்பி வரும் கடைசி பஸ்ஸையும் அப்போதே கேளுங்கள், அதுதான் முக்கியம். ரயிலை மறந்துவிடுங்கள். திருகோணமலைப் பாதை கல்ஓயாப் பக்கம் போய்விடுகிறது, இந்தப் பயணத்துக்கு உதவாது.

எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும்?

விடியற்காலை நாலரை. இதைச் சொன்னால் எல்லோரும் முகம் சுளிப்பார்கள். ஆனால் ஏழு மணிக்கு முன்னால் முதல் படியில் கால் வைத்தவர்களுக்கும் பத்து மணிக்கு வந்தவர்களுக்கும் கிடைப்பது ஒரே மலை இல்லை. காலையில் படிகள் நிழலாக இருக்கும். இரண்டு பக்கமும் நிற்கும் ஈழத்தலரி மரங்களின் பூ படியெல்லாம் உதிர்ந்து கிடக்கும், இன்னும் யாரும் கூட்டியிருக்க மாட்டார்கள். வெள்ளை உடுத்து வந்த ஓரிருவர் மட்டும் பூத்தட்டோடு மெதுவாக ஏறிக்கொண்டிருப்பார்கள். பத்து மணிக்குக் கல் சுட ஆரம்பித்துவிடும்.

1,840 படிகளும் ஏறத்தான் வேண்டுமா? பாதி வரை வாகனம் போகும் என்கிறார்களே?

போகும். மலையின் பாதி உயரத்தில் வாகனத் தரிப்பிடம் இருக்கிறது. பெரும்பாலான வான்காரர்கள் கேட்காமலே அங்கே கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் போனேன். மேலே ஏறி, வெள்ளைத் தாதுகோபுரத்தைக் கும்பிட்டு, படம் எடுத்து, ஒன்றரை மணி நேரத்தில் இறங்கி வந்து "மிகிந்தலை பார்த்தாயிற்று" என்று வீட்டில் சொன்னேன். இரண்டாம் தடவை பஸ்ஸில் போனதால் கீழிருந்து நடக்க வேண்டி வந்தது. அன்றுதான் முதல் தடவை எதையெல்லாம் தவறவிட்டேன் என்று தெரிந்தது.

உச்சியில் இருப்பது வழிபாட்டு இடம். மடம், அதாவது துறவிகள் உண்டு, உறங்கி, படித்து, நோயில் படுத்த இடம், கீழேயும் நடுவிலும்தான் இருக்கிறது. வாகனத்தில் போகிறவர்கள் அதைத் தாண்டித்தான் போய் இறங்குகிறார்கள். முழங்கால் இடம் கொடுக்கும் எல்லோருக்கும் நான் சொல்வது ஒன்றே: கீழே முதல் படியிலிருந்து ஏறுங்கள். படிகள் அகலமானவை, உயரம் குறைந்தவை. நடுநடுவே தளங்கள் வரும். நம் சுவாமி மலையில் கோணேசர் கோயிலுக்கு நடந்து ஏறிப் பழகிய கால்களுக்கு இது கொஞ்சம் நீளமான நடை, அவ்வளவுதான். வானைக் கீழேயே நிறுத்தும்படி புறப்படும்போதே சாரதியிடம் சொல்லிவிடுங்கள்.

சரி, கீழிருந்து ஏறினால் வழியில் எதை எதைப் பார்க்க வேண்டும்?

படியில் கால் வைப்பதற்கு முன்பே தொடங்குகிறது. அடிவாரத்தில் பழைய மருத்துவமனையின் இடிபாடு இருக்கிறது. 9ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சேனன் காலத்தைச் சேர்ந்தது என்பார்கள். ஒரு முற்றத்தைச் சுற்றிச் சிறு சிறு அறைகள். அங்கே கிடக்கும் ஒரு கல் தொட்டியைக் கட்டாயம் பாருங்கள். ஒரே கல்லில், மனித உடம்பின் வடிவத்திலேயே உள்ளே குடைந்திருக்கிறார்கள். தலைக்கு இடம், தோளுக்கு இடம், காலுக்கு இடம். நோயாளியை அதில் படுக்க வைத்து மூலிகை எண்ணெயோ கஷாயமோ ஊற்றி ஊற வைப்பார்களாம். நம் வீடுகளில் வாதத்துக்கு எண்ணெய் காய்ச்சிப் பூசும் பழக்கத்தை நினைத்துக்கொண்டு அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள். ஆயிரத்து நூறு வருடம் ஒன்றும் பெரிய தூரமாகத் தெரியாது.

முதல் பெரிய தளத்தில் வலது பக்கம் ஒரு கிளைப்படி பிரியும். அது கந்தக சேத்தியத்துக்குப் போகிறது. நேரே மேலே போகும் கூட்டத்தில் பாதிப்பேர் இதைப் பார்ப்பதில்லை. இலங்கையின் மிகப் பழைய தாதுகோபுரங்களில் ஒன்று, இப்போது ஏறக்குறைய 12 மீட்டர் உயரத்துக்குத்தான் எஞ்சியிருக்கிறது. இதன் சிறப்பு நான்கு திசையிலும் நிற்கும் வாகல்கட என்ற முகப்புகள். யானை, குள்ள பூதங்கள், அன்னம், கொடி என்று அதில் செதுக்கியிருக்கிறார்கள். குள்ளர்களின் முகங்களைத் தனித்தனியாகப் பாருங்கள், ஒன்றைப்போல ஒன்று இல்லை. பின்னால் பெரிய பாறைகளுக்கு நடுவில் குகைகள் இருக்கின்றன. தேவநம்பியதீசன் துறவிகளுக்காக 68 குகைகளைச் செப்பனிட்டுக் கொடுத்தான் என்று சொல்லப்படுவது இந்தப் பகுதியைத்தான். குகையின் நெற்றியில் மழைநீர் உள்ளே வழியாதபடி ஒரு வரம்பு வெட்டியிருப்பார்கள். அதற்குக் கீழே கண்ணைக் கூர்மையாக்கித் தேடினால் பிராமி எழுத்து தெரியும். தமிழகத்து மலைக்குகைகளில் சமணத் துறவிகளுக்குப் படுக்கை வெட்டிக் கொடுத்தவர்கள் எழுதி வைத்ததும் இதே குடும்பத்து எழுத்தில்தான்.

அடுத்த தளம் எனக்கு மிகவும் பிடித்தது. இங்கேதான் சாப்பாட்டு மண்டபம். முற்றத்தில் இரண்டு நீளமான கல் தொட்டிகள் கிடக்கின்றன: ஒன்று சோற்றுக்கு, மற்றது கஞ்சிக்கு. அவற்றின் அளவைப் பார்த்தால் எத்தனை வாய்க்குப் படியளந்திருப்பார்கள் என்று நினைக்கத் தோன்றும். பக்கத்தில் ஆளுயரத்துக்கு மேல் இரண்டு கல்வெட்டுப் பலகைகள் நிற்கின்றன. 10ஆம் நூற்றாண்டில் நான்காம் மகிந்தன் வெட்டுவித்தவை. மடத்தை எப்படி நடத்த வேண்டும் என்ற சட்டப் புத்தகம் அது. பிக்குகள் காலையில் எழுந்து என்ன செய்ய வேண்டும், வேலைக்காரருக்கு என்ன கூலி, வரவு செலவை அன்றன்றைக்கு எழுதி, மாதக் கணக்கும் ஆண்டுக் கணக்கும் முடித்துச் சங்கத்தின் முன் வைக்க வேண்டும் என்பது வரை அதில் இருக்கிறது. கோயில் நிர்வாக சபையில் இருந்தவர்கள் யாரையாவது கூட்டிப் போனால் இந்த இடத்தில் அவர்களை நகர்த்துவது கஷ்டம்.

இதற்குச் சற்றுக் கீழே சிங்கப் பொய்கை. பின்னங்காலில் எழும்பி நிற்கும் சிங்கத்தின் வாய் வழியாகத் தண்ணீர் விழும்படி செய்திருக்கிறார்கள். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதற்கு விடை மேலே இருக்கிறது. கடைசிப் படிவரிசையில் ஏறும்போது பிரியும் பாதை நாகப் பொய்கைக்குப் போகும். பாறையின் மடியில் மழைநீர் தங்கும் குளம், பின்சுவரில் பல தலை விரித்த நாகம். அங்கிருந்து கால்வாய் வழியாக நீரைக் கீழே இறக்கியிருக்கிறார்கள். இயந்திரம் எதுவும் இல்லை, மலையின் சரிவே வேலையைச் செய்திருக்கிறது.

உச்சியில் என்ன?

முதலில் வருவது அம்பஸ்தல தாதுகோபுரம். பெயரிலேயே மாமரம் இருக்கிறது. மான் வேட்டைக்கு வந்த அரசனை "தீசா" என்று பெயர் சொல்லி மகிந்தர் கூப்பிட்ட இடம் இதுதான் என்று நம்புகிறார்கள். தருமத்தைச் சொல்வதற்கு முன் அரசனின் அறிவைச் சோதிக்க அவர் கேட்ட கேள்வியைப் பிள்ளைகளுக்கு இங்கே வைத்துச் சொல்லுங்கள்.

இந்த மரத்துக்கு என்ன பெயர்? மாமரம். இதைத் தவிர வேறு மாமரங்கள் உண்டா? நிறைய உண்டு. மாமரம் அல்லாத மரங்கள் உண்டா? அவையும் நிறைய உண்டு. அந்த மற்ற மாமரங்களையும், மாமரம் அல்லாத மரங்களையும் தவிர்த்துவிட்டால் வேறு மரம் உண்டா? அரசன் சொன்னான்: இந்த மாமரம் உண்டு.

என் அக்காவின் மகளிடம் இதைக் கேட்டபோது அவள் கொஞ்சமும் யோசிக்காமல் நம் முன்னால் நின்ற மரத்தைத் தொட்டுக் காட்டினாள்.

அங்கிருந்து மூன்று வழிகள். ஒன்று ஆராதனா கல் என்ற செங்குத்துப் பாறை. கம்பியைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு ஏற வேண்டும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மேலே நிற்கவே இரண்டு கை வேண்டும். வானம் தெளிவாக இருந்தால் மேற்கே அனுராதபுரத்துத் தாதுகோபுரங்கள் தெரியும். இன்னொரு வழி மகாசேயாவுக்கு, அந்தப் பெரிய வெள்ளைத் தாதுகோபுரம். அதன் அருகில் சிறியதாக இருப்பது மகிந்தரின் அஸ்தி வைத்ததாகக் கருதப்படும் மிகிந்து சேயா. மூன்றாவது வழியில் சற்று இறங்கினால் மகிந்த குகை. இரண்டு பாறைகளுக்கு நடுவே தட்டையான ஒரு கல், அதுவே அவரது படுக்கை என்கிறார்கள். சக்கரவர்த்தியின் மகன் படுத்த இடம் அவ்வளவுதான். கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போய்ச் சற்று உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

செருப்பை எங்கே கழற்ற வேண்டும்?

அம்பஸ்தலத்தின் வாசலில். பார்த்துக்கொள்ள ஆள் இருப்பார்கள், சில்லறை வைத்திருங்கள். அதற்குப் பிறகு எல்லாம் வெறுங்கால்தான். வெயில் ஏறிவிட்டால் கல் தாங்க முடியாது, பழைய சாக்ஸ் ஒரு சோடி பையில் இருக்கட்டும். பலரும் அதைத்தான் செய்கிறார்கள்.

நாங்கள் சைவர்கள். போவது சரியா? ஏதாவது சொல்வார்களா?

இந்தக் கேள்வியை மெல்லிய குரலில்தான் கேட்பார்கள். ஏன் என்று எனக்குத் தெரியும். நம் மாவட்டத்தில் விகாரை என்ற சொல்லோடு பல வருடத்துக் கசப்பும் பயமும் ஒட்டியிருக்கிறது. அதை நான் லேசாக எடுக்கவில்லை. ஆனால் மிகிந்தலையில் நெற்றியில் விபூதியோடும் பொட்டோடும் நான் ஏறியிருக்கிறேன். ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லை. ஒரு தடவை படியில் இளைப்பாற உட்கார்ந்திருந்த ஒரு ஆச்சி என் அம்மாவின் கையில் இரண்டு நீலோற்பலப் பூவைக் கொடுத்து, "மேலே வையுங்கள்" என்று சைகை காட்டினார். இருவருக்கும் பொதுமொழி இல்லை. அம்மா வைத்துக் கும்பிட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பௌத்தம் தமிழருக்குப் புறம்பான ஒன்றாக என்றைக்கும் இருந்ததில்லை. நம் ஊருக்கு வடமேற்கே பெரியகுளத்தை அண்டி வெல்கம் விகாரை இருக்கிறது. சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகளில் அதன் பெயர் இராஜராஜப் பெரும்பள்ளி. விளக்கெரிக்கப் பசுவும் எருமையும் கொடுத்தவர்களின் விவரம் தமிழில் வெட்டப்பட்டிருக்கிறது. அனுராதபுரத்தை வீழ்த்தியதும் அதே சோழர்தான். அந்த நகரத்தோடு மிகிந்தலையும் சரிந்தது. இரண்டும் நம் வரலாற்றில் உள்ளவை. இரண்டையும் தெரிந்துகொண்டு ஏறினால் மலை இன்னும் அதிகம் பேசும்.

என்ன உடுத்திப் போவது? எப்படி நடந்துகொள்வது?

தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். வெள்ளை நல்லது, கட்டாயம் இல்லை. வேட்டி, சேலை, சல்வார் எல்லாம் சரி. மேல் தளத்தில் தொப்பியைக் கழற்றிவிடுங்கள். நாம் கோயிலை வலம் வருவது போலவே தாதுகோபுரத்தையும் இடமிருந்து வலமாகத்தான் சுற்றுவார்கள். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுக்காதீர்கள், இது உண்மையிலேயே மனத்தைப் புண்படுத்தும் செயல். பிக்குவிடம் பேச வேண்டுமானால் "ஹாமுதுருவனே" என்று தொடங்கலாம். பெண்கள் பொருளை நேரடியாக அவர் கையில் கொடுக்காமல் முன்னால் வைப்பது வழக்கம்.

டிக்கெட் உண்டா?

இலங்கையருக்கு இல்லை. வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் வந்திருக்கும் உறவினர்கள் வாங்க வேண்டும். இலங்கை அடையாள அட்டை உள்ளவர்கள் அதைக் கையில் வைத்திருங்கள்.

சாப்பாடு?

காலைச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள். இடியப்பமும் சம்பலும் என்றால் ஹொரவப்பொத்தான தாண்டி ஏதாவது ஒரு குளக்கரையில் நிறுத்திச் சாப்பிட்டுவிடலாம். மலைக்கு மச்சம் மாமிசம் கொண்டுபோகாதீர்கள். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் வேண்டும். பையை எப்போதும் மூடி வையுங்கள், குரங்குகள் வாழைப்பழத்தை மணத்திலேயே கண்டுபிடித்துவிடும். இறங்கியதும் சந்தியில் சோறும் கறியும் கிடைக்கும்.

எந்த மாதம் நல்லது? பொசன் அன்று போகலாமா?

பெப்ரவரியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை அருமை. மழை ஓய்ந்து குளங்களில் தண்ணீர் இருக்கும், காடு பச்சையாக இருக்கும். கார்த்திகை, மார்கழி வாடை மழையில் படி வழுக்கும். ஆடி, ஆவணியில் வெயில் கடுமை.

பொசன் போயா ஜூன் மாதப் பௌர்ணமி, மகிந்தர் வந்த நாள். நாடு முழுவதிலிருந்தும் லட்சக்கணக்கில் வருவார்கள். வழிநெடுகத் தன்சல் போட்டு வருகிறவர்களுக்கெல்லாம் சோறு கொடுப்பார்கள். அந்தப் பக்தியைப் பார்க்க ஒரு தடவை போகலாம். மலையைப் பார்க்க அது நாள் இல்லை. சின்னப் பிள்ளைகளோடு அன்று போகவே வேண்டாம்.

வயதானவர்களைக் கூட்டிப் போகலாமா?

தாராளமாக. மேல் தரிப்பிடம் அவர்களுக்காகத்தான் இருக்கிறது. அவர்களை அங்கே இறக்கச் சொல்லிவிட்டு மற்றவர்கள் கீழிருந்து ஏறி சாப்பாட்டு மண்டபத்தடியில் சேர்ந்துகொள்ளலாம். அதற்கு மேலுள்ள படிகள் அவர்களால் முடியாவிட்டாலும் குறையில்லை. கல்வெட்டும் கல் தொட்டியும் சிங்கப் பொய்கையும் அந்த மட்டத்திலேயே உள்ளன. இறங்கிய பிறகு அடிவாரத்திலுள்ள களுதிய பொக்குணவுக்கும் கூட்டிப் போங்கள். காட்டுக்குள் கறுத்த நீரோடு கிடக்கும் பெரிய குளம், ஏற்றமே இல்லை, சத்தமும் இல்லை.

அதே நாளில் அனுராதபுரத்தையும் பார்த்துவிடலாமா? பதின்மூன்று கிலோமீட்டர்தானே?

தூரம் சரி. ஆனால் என் பதில், வேண்டாம். ஸ்ரீ மகா போதியும் ருவன்வெலிசாயவும் தனியாக ஒரு நாள் கேட்கும். இரண்டையும் ஒன்றாகத் திணித்தால் மிகிந்தலை மறுபடியும் ஒன்றரை மணி நேரமாகச் சுருங்கிவிடும்.

அவ்வளவு தூரம் முடியாது. பக்கத்தில் ஏதாவது மலை விகாரை உண்டா?

திரியாய். நிலாவெளி, குச்சவெளி தாண்டிப் புல்மோட்டை வீதியில் ஏறத்தாழ 45 கிலோமீட்டர். சிறிய குன்றின் உச்சியில், வட்டமாகக் கல் தூண்கள் சூழ நிற்கும் பழைய தாதுகோபுரம், கிரிகண்டு சேயா. புத்தரிடம் அவரது தலைமுடியைக் கேச தாதுவாகப் பெற்ற இரண்டு வணிகர்கள் கடல்வழியே வந்து இங்கே வைத்தார்கள் என்பது ஐதிகம். அவர்களது பெயரைச் சொல்லும் சமஸ்கிருதக் கல்வெட்டு பாறையிலேயே இருக்கிறது, எழுத்து பல்லவ கிரந்தத்தைச் சேர்ந்தது. கடல் வணிகமும் நம் கரையும் எவ்வளவு நெருக்கம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. அரை நாள் போதும்.

திரும்பி வரும்போது கவனிக்க வேண்டியது?

யானை. ஹொரவப்பொத்தானவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பொழுது சாய்ந்தால் வீதிக்கு வரும். இரண்டு மணிக்குள் மிகிந்தலையை விட்டுவிட்டால் வெளிச்சத்தோடு தாண்டிவிடலாம். முன்னால் வாகனங்கள் நின்றால் நீங்களும் தூரத்திலேயே நில்லுங்கள், ஹார்ன் அடிக்காதீர்கள்.

அப்படி நேரத்தோடு வந்தால் இன்னொரு நன்மையும் உண்டு. ஊருக்குள் நுழையுமுன் கன்னியாவுக்குத் திருப்பலாம். ஏழு கிணறுகளிலும் ஏழு விதச் சூடு. மாற்றுத்துணி கொண்டுபோயிருந்தால் தலைக்கு ஊற்றிக்கொள்ளலாம். இல்லாவிட்டால் இரண்டு வாளி காலுக்கு மட்டும் ஊற்றுங்கள். அடுத்த நாள் காலையில் கெண்டைக்கால் வலி பாதியாகக் குறைந்திருக்கும்.